பன்னிரண்டாம் படி

அவெஜனெடா, பிப்ரவரி 5, 2024

எவரிஸ்தோ,

முட்டி வலியைத் தவிர எனக்குக் குறையில்லை. உன் ஊர் ஏரியில் மீன் படுகிறதா?

இந்த ஆண்டு கிளப்புக்குச் சந்தா கட்டவில்லை. இனியும் கட்டமாட்டேன். நாம் நின்று கால்பந்து பார்த்த படிகளில் நாற்காலி போட்டு, விலையை மூன்று மடங்காக்கிவிட்டார்கள். சந்தா வாங்கும் ஜன்னலில் இருந்த பெண், "இனிமே உக்காந்து பாக்கலாம் தாத்தா" என்றாள். "நிக்கத்தாம்மா நாப்பத்தொரு வருஷமா வரேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நீ போய்ப் பார். பெனால்டி என்றால் முதுகைத் திருப்பிக்கொள்வாயே, என்ன ஆயிற்று என்று சொல்ல வேறு ஆளைப் பிடித்துக்கொள்.

நிக்கானோர்

சாஸ்கோமுஸ், ஏப்ரல் 17

அன்புள்ள பிடிவாதக்காரனுக்கு,

நீ வருவதை நிறுத்திய பிறகு நம் மைதானத்தில் நான்கு ஆட்டம். நான்கிலும் வெற்றி. ஞாயிறன்று கடைசி நிமிடக் கோலில் மைதானமே குலுங்கியது. பக்கத்து ஆட்கள் "அந்தக் கிழவர் எங்க?" என்றார்கள். வீட்டில் என்றேன். "அங்கயே இருக்கச் சொல்லு."

தோற்கும்வரை சட்டையைத் துவைக்காதவனுக்கு ராசியைப் பற்றி நான் சொல்லவா வேண்டும்? மனம் மாறினாலும் வந்துவிடாதே.

உன் எவரிஸ்தோ

அவெஜனெடா, ஜூன் 12

எவரிஸ்தோ,

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மூன்று தெரு தள்ளிக் கோல் சத்தம் கேட்கிறது. நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கிறேன், கை நிற்கவில்லை. யார் அடித்தது என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. கோபம் என்றுதான் நினைத்திருந்தேன். கோபமென்றால் ஜன்னலையாவது சாத்தியிருக்க வேண்டாமா?

இன்னொன்று. உன்னைப் பார்க்கலாமென்று கடந்த மூன்று ஆட்டத்துக்கும் உன் பேருந்து நிற்கும் மூலையில் காத்திருந்தேன். நீ இறங்கவில்லை. திரும்பும் வண்டியில் ஏறவும் இல்லை. யார் பார்த்த ஆட்டத்தை எனக்கு எழுதினாய்?

நிக்கானோர்

சாஸ்கோமுஸ், ஜூன் 20

நிக்கானோர்,

வானொலியில் கேட்டதை எழுதினேன். உன் முதல் கடிதம் வருமுன்பே, இந்த ஆண்டு போவதில்லை என்று நானும் முடிவு செய்துவிட்டேன். பேருந்துக்கும் நாற்காலிக்கும் கொடுத்தால் மருந்து வாங்க முடியாது. நீ கோபித்துக்கொண்டு நிறுத்தினாய், எனக்கு அந்தக் கௌரவம்கூட இல்லை. நீ போனால், நாம் எப்போதும் நிற்கும் பன்னிரண்டாம் படியில் நான் இல்லாதது தெரிந்துவிடும். அதனால்தான் ராசி என்றேன்.

ஆட்டம் இல்லாமல் நீயும் நானும் எதைப் பேசுவோம்? எனக்குத் தெரியவில்லை.

எவரிஸ்தோ

அவெஜனெடா, ஜூன் 27

எவரிஸ்தோ,

மன்னிப்பெல்லாம் கிடையாது. ராசியை வைத்துப் பொய் சொன்னவனை நம் படியில் யாரும் மன்னிக்கமாட்டார்கள். ஆனால் இரண்டு பேருமே போகவில்லை, நம் அணி ஜெயிக்கிறது. அப்படியானால் நாற்பத்தொரு வருடம் நாம் அங்கே என்ன செய்தோம்?

எதைப் பேசுவது என்று எனக்கும் விளங்கவில்லை. யோசித்துப் பார்த்தால், உனக்கு எத்தனை பிள்ளைகள் என்றே நான் கேட்டதில்லை.

உறையில் பேருந்துச் சீட்டு இருக்கிறது. ஞாயிறன்று வா. மைதானத்துக்குத் திரும்பும் தெருவில் திரும்பாமல் நேரே வா, பச்சைக் கதவு. உருளைக்கிழங்கு இரண்டு பேருக்கு உரித்து வைப்பேன். வானொலி கொண்டுவராதே.

சத்தம் கேட்டால் வேண்டுமானால் முதுகைத் திருப்பிக்கொள். என்ன ஆயிற்று என்று என்னைக் கேட்காதே. எனக்கும் தெரியாது.

நிக்கானோர்