படியில் இறக்கும் முன் கண்ணைப் பாருங்கள்

அனுப்புநர்:
பதினேழாம் படுக்கை நோயாளியின் மனைவி,
சரிபார்ப்பாளர், ஆயத்த ஆடைத் தொழிற்சாலை.

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
பொது மருத்துவமனை.

பொருள்: வெள்ளிக்கிழமை படிக்கட்டுச் சோதனைக்கு முன் என் கணவரின் கண்களைப் பரிசோதிக்கக் கோருதல், படிகளில் நான் ஸ்டிக்கர் ஒட்டியதற்கு விளக்கம் அளித்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் குழாய் பழுதுபார்ப்பவர். வேலைக்குப் போன வீட்டில் மாடிப்படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. தகடு வைத்து, தங்கள் மறுவாழ்வுப் பிரிவில் இருபத்து நான்கு நாட்களாக நடைப்பயிற்சி பெற்று வருகிறார். வருகிற வெள்ளிக்கிழமை அவரைத் தனியாகப் படியில் இறங்கச் சொல்லிச் சோதிக்கப் போகிறார்கள்.

2. சேர்த்த அன்று செவிலியர் ஒரு படிவம் நிரப்பினார். ‘கண்ணாடி அணிபவரா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்றோம். உடனே பக்கத்துக் கட்டத்தில் ‘பார்வை: இயல்பு’ என்று எழுதப்பட்டது. கண்ணாடி போடாதவருக்கெல்லாம் பார்வை சரி என்றால், செருப்பு போடாதவருக்கெல்லாம் முள் தைக்காது என்றும் எழுதிக்கொள்ளலாம்.

3. பயிற்சியாளர் அம்மா ஒருமுறை சுவர்க் கடிகாரத்தைக் காட்டி மணி கேட்டார். இவர் “நாலு” என்றார். சரியாகத்தான் சொன்னார், ஆனால் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. தினமும் நாலு மணிக்கு வரும் தேநீர் வண்டியின் சக்கரச் சத்தம் அப்போதுதான் கேட்டிருந்தது. தாழ்வாரத்தையும் அடி எண்ணியே நடந்திருக்கிறார். எட்டாம் நாள் படுக்கையை எதிர்ப்பக்கம் மாற்றியதும் கணக்குத் தப்பியது. வண்டியில் இடித்தார், நாற்காலியில் இடித்தார், கதவிலும் இடித்தார். குறிப்பேட்டில் ‘கவனக்குறைவு, ஒத்துழைப்பு இல்லை’ என்று ஏறியது. பயிற்சியாளர் நல்லவர்தான். “அண்ணே, கீழ பாத்து நடங்கண்ணே” என்று தினமும் சொல்கிறார். கீழே பார்த்துத்தான் நடக்கிறார், ஐயா.

4. துணியில் குறை கண்டுபிடிப்பது என் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை வெள்ளைத் துணியில் கறுப்பு நூலும், சாம்பல் துணியில் அதைவிடச் சற்று அடர்ந்த சாம்பல் நூலும் தைத்து அவரிடம் காட்டினேன். கறுப்பு தெரிந்தது. இரண்டாவதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல ஒண்ணுமில்லையே, வெறும் துணிதான?” என்றார். அதில் நான்கு வரி நூல் இருந்தது. ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன். “கண்ணு தெரியலன்னு சொன்னா எவன் வேலைக்குக் கூப்புடுவான்? சும்மா இரு” என்றார். நான் சும்மா இருக்கப் போவதில்லை. இந்த மனுவுக்காக அவர் என்னோடு சில நாள் பேசாமலிருப்பார். இருக்கட்டும்.

5. என் குற்றத்தையும் எழுதிவிடுகிறேன். ஓராண்டாக எந்தக் காகிதம் வந்தாலும் “நீயே படிச்சிடு” என்பார். சோம்பேறி என்று கேலி செய்தேன். குழாய் வேலை கைத்தடவலில் நடப்பது, அதனால் வெளியிலும் யாருக்கும் தெரியவில்லை. ஒரு நாளைக்கு அறுநூறு சட்டையில் விட்டுப்போன தையலைப் பிடிக்கிறவள், வீட்டுக்குள் இருந்ததைப் பிடிக்கவில்லை.

6. சோதனை நடக்கும் படிக்கட்டில் பதினோரு படிகள். எல்லாம் ஒரே சாம்பல் சிமெண்ட், விளிம்பில் ஒரு கோடு கிடையாது. குறையுள்ள துணியில் நாங்கள் ஒட்டும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர்களைத் திங்கட்கிழமை ஒவ்வொரு விளிம்பிலும் ஒட்டினேன். மேலே நின்றபடி அவர் ஒவ்வொன்றாக எண்ணி, “பதினொண்ணு” என்றார். குரலே மாறியிருந்தது. மறுநாள் வார்டு மேற்பார்வையாளர் அத்தனையையும் உரித்தெறிந்து, மருத்துவமனைச் சொத்தைச் சேதப்படுத்தியதற்கு எழுத்தில் விளக்கம் கேட்டார். விளக்கம் மேலே உள்ளது.

7. மருத்துவரிடம் முறையிட்டேன். “பார்வை இயல்புன்னு இருக்கேம்மா, கண் பிரிவுக்கு என்னன்னு எழுதுறது?” என்றார். பிடித்த முயலுக்கு மூன்றே கால். கண் பிரிவோ இதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறோம். தகடு வைத்த இடுப்பில் இன்னொரு முறை விழுந்தால் எழுந்து நடப்பது சந்தேகம் என்று சொன்னவரும் அதே மருத்துவர்தான்.

8. எனவே வெள்ளிக்கிழமைக்கு முன் அவர் கண்களைப் பரிசோதிக்கவும், அதுவரை படியில் இறக்காதிருக்கவும் உத்தரவிட வேண்டுகிறேன். மறுவாழ்வுப் பிரிவில் சேரும் ஒவ்வொருவரையும் முதல் நாளே எழுத்துப் பலகை முன் நிறுத்திப் பார்க்கவும் வேண்டுகிறேன். என் நூல் துணியைக் கேட்டு வாங்கிப் பார்த்த ஆறு நோயாளிகளில் மூவர் “வெறும் துணி” என்றே சொன்னார்கள். அவர்கள் படிவத்திலும் ‘இயல்பு’தான்.

9. இன்று காலை மீண்டும் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். பத்துப் படிகளோடு தீர்ந்துவிட்டது. தங்கள் உத்தரவு வரும்வரை அவற்றை உரிக்க வேண்டாமெனக் கேட்டுக்கொள்கிறேன். வராவிட்டால், வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கடைசிப் படியில் நானே நிற்பேன். அவர் கண்ணுக்குத் தெரியட்டும் என்று சிவப்பு உடுத்தி வருவேன்.

இணைப்பு: நூல் தைத்த துணிகள் இரண்டு. தாங்களும் ஒருமுறை பார்க்கவும்.

இடம்: மறுவாழ்வுப் பிரிவுப் படிக்கட்டு
நாள்: புதன்கிழமை

தங்கள் முடிவுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
பதினேழாம் படுக்கை நோயாளியின் மனைவி