மெழுகிய காம்பராவில் உன் மகள் எடுத்த வாக்குமூலம்

என் பாசமுள்ள அண்ணே,

நீ எங்கே இருக்கிறாயோ, அங்கேயே கொஞ்சம் ஓரமாக உட்கார்ந்து இதைக் கேள். தேயிலைத் தோட்டமே உன்னை "நீங்க" என்று மரியாதையாகக் கூப்பிட்டபோது நான் மட்டும் "நீ" என்றுதான் கூப்பிட்டேன். அம்மா எத்தனை தடவை அதட்டியும் என் வாய் திருந்தவில்லை. நீ செத்துப்போன பிறகு மட்டும் திருந்திவிடுமா என்ன?

உன் மகள் தர்ஷினியைப் பற்றித்தான் எழுதுகிறேன். இன்றைக்கு அவளைப் பார்த்தால் நீ வாயடைத்துப் போவாய். நானே வாயடைத்துப் போய்விட்டேன். என் வாயை அடைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்குத் தெரியும்.

பதுளையில் ஒரு கல்லூரியில் குற்றவியல் நீதி என்று ஒரு டிப்ளோமா இருக்கிறது. பொலிஸ், நீதிமன்றம், மறியல் என்கிற சிறைச்சாலை, மூன்றையும் பற்றிப் படிப்பார்களாம். நம் குடும்பத்தில் மூன்றையும் பார்த்தவன் நீ ஒருவன்தான், அதுவும் படிக்காமலே. அதனால் அவள் அந்தப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டதாகச் சொன்னபோது, நான் கையில் இருந்த அகப்பையை அடுப்பங்கரையில் எறிந்துவிட்டேன். பொலிஸ் ஜீப் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்துகிற வீட்டில் இந்தப் படிப்பு எதற்கு? டீச்சர் வேலைக்குப் படி, நர்ஸ் வேலைக்குப் படி என்று கத்தினேன். அண்ணி அந்த அகப்பையை எடுத்துக் கழுவி வைத்தாள்.

"அத்தே, அப்பாவுக்கு என்ன நடந்துச்சுன்னு நீங்க எல்லாரும் அழுவுறீங்க. ஏன் நடந்துச்சு, எப்படி நடந்துச்சுன்னு ஒருத்தருக்கும் தெரியல. எனக்கு அது வெளங்கணும்" என்றாள் தர்ஷினி.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். தேயிலை அரைக்கிற ஸ்டோரில் மோட்டார் களவு போனது. உன்னைத்தான் கடைசியாக அந்தப் பக்கம் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். பொலிஸ் வந்து லயத்து வரிசையில் கடைசிக் காம்பராவை, உன் வீட்டை, தலைகீழாகப் புரட்டிப் போட்டுவிட்டு உன்னைக் கூட்டிக்கொண்டு போனது. நீ தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதி, கையெழுத்துப் போடு என்றார்கள். போட்டால் வீட்டுக்கு விடுவார்கள் என்று நினைத்துப் போட்டாய். அதில் நீயே களவை ஒத்துக்கொண்டதாக எழுதியிருந்தது, நீதிமன்றத்தில் மொழிபெயர்த்துச் சொன்னபோதுதான் உனக்கே தெரியும். உண்மையான கள்ளன் பிடிபட்டு நீ மறியலில் இருந்து வெளியே வரும்போது உன் நெஞ்சுச் சளி உன்னை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அதிலேயே போய்ச் சேர்ந்தாய். இதெல்லாம் உனக்குத் தெரியாததா? ஆனால் அவளுக்கு அப்போது பால் பல் கூட விழவில்லை, அண்ணே.

சரி, சேர்ந்துவிட்டாள். தெமோதரையில் காலை பஸ் பிடித்து டவுனுக்குப் போய், பொழுது சாயத் திரும்பி வந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே சட்டம் பேசுவாள். முதல் வருசக் கடைசியில் கல்லூரி மண்டபத்தில் மாதிரி நீதிமன்றம் வைத்தார்கள். நானும் அண்ணியும் போனோம். ஒரு பையன் ஆடு திருடியதாகக் கேஸ். உன் மகள் அவனுக்காக வாதாடினாள். நீதிபதியாக நடித்த பிள்ளை உள்ளே வந்ததும் நான் எழும்பிக் கைகூப்பி நின்றுவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அவள் அந்தக் கறுப்புக் கோட்டில் நின்று, "ஆட்டை இவர் கொண்டுபோனதைக் கண்ணால் கண்டவர் யார்?" என்று கேட்டாள். நம் வீட்டுப் பிள்ளை கேட்டதற்கு ஒரு சபையே பதில் தேடிக்கொண்டிருந்ததை நான் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் லுணுகலைச் சந்தையில் ஒரு தெருநாடகம் போட்டார்கள். பொலிஸ் கூப்பிட்டால் என்ன கேட்க வேண்டும், எந்த மொழியில் பேசலாம் என்று சனங்களுக்குச் சொல்லும் நாடகம். இவளுடைய கூட்டாளி ஷிப்னா, பதுளையில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகள், மையால் மீசை வரைந்துகொண்டு பொலிஸ்காரராக வந்தாள். மரக்கறி வாங்க வந்த தோட்டத்துச் சனம் பையைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்துவிட்டு ஒரு கிழவர் உன் மகளிடம் வந்து, "நெசமாவே தமிழ்ல எழுதச் சொல்லிக் கேக்கலாமா தாயி?" என்று கேட்டாராம். அதை என்னிடம் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது பெரிய கதைக்கு வருகிறேன். இதில் நானும் மாட்டிக்கொண்டிருக்கிறேன், திட்டாமல் கேள்.

கடைசி வருசத்தில் ஒரு செய்முறைப் பரீட்சை. விரிவுரையாளர்கள் ஓரிடத்தில் களவு நடந்த மாதிரி எல்லாவற்றையும் செய்து வைப்பார்கள். மாணவர்கள் மறுநாள் வந்து தடயம் எடுத்து, ஆட்களை விசாரித்து, என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதில் நன்றாகச் செய்கிற ஒரு குழு, நாட்டில் உள்ள மற்றக் கல்லூரிகளோடு போட்டி போடக் கொழும்புக்குப் போகும். கொழும்புக்குப் போக வேண்டும் என்று உன் மகளுக்கு அப்படியொரு ஆசை. தன் குழுவுக்குத் தோட்டத்து லயம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கியவளும் அவள்தான். இப்போது விறகும் பழைய சாமான்களும் போட்டு வைத்திருக்கும் அந்தக் கடைசிக் காம்பராவை, உன் காம்பராவை, அவள்தான் காட்டிக்கொடுத்தாள்.

எங்களிடம் சொன்னது இவ்வளவுதான்: "ஞாயித்துக்கெழம அப்பா வீட்டுல எங்களுக்குப் பரீட்ச. சேர்மாரெல்லாம் வருவாங்க." விரிவுரையாளர்களைத்தான் அப்படிச் சொல்வாள்.

சனிக்கிழமை பகல் நாங்கள் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருக்கும்போது விரிவுரையாளர்கள் வந்து காம்பராவில் தங்கள் வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். உன் மகள் அன்றிரவு ஷிப்னா வீட்டில் தங்கிவிட்டாள். பின்னேரம் நானும் அண்ணியும் எட்டிப் பார்த்தோம். கதவு திறந்து கிடந்தது. பெட்டி கவிழ்ந்து, பானை உடைந்து, துணியெல்லாம் இறைந்து, தரை முழுக்கச் சேற்றுக் கால்தடம். ஒரு துண்டில் சிவப்பாகக் கறை வேறு. உன்னைப் பிடித்துப் போன அன்றைக்கு அந்த வீடு எப்படிக் கிடந்ததோ, அப்படியே கிடந்தது. எந்தக் குடிகாரன் வேலையோ என்று நின்ற இடத்திலேயே ஏசத் தொடங்கினேன்.

அண்ணிதான் விளக்குமாற்றை எடுத்தாள். "அவரு இருந்த வீடு. நாளைக்கு நாலு பேரு வந்து இப்படியா பாக்கணும்?" என்றாள்.

நம் லயத்தில் யார் வீட்டில் என்ன நடந்தாலும், வெளியாள் வருவதற்கு முன் கூட்டி மெழுகிவிடுவதுதானே வழக்கம்? சாவு வீடோ, சண்டை நடந்த வீடோ, வருகிறவன் கண்ணில் அலங்கோலம் படக் கூடாது. கூட்டினோம். சாணி கரைத்து மெழுகினோம். பானை ஓட்டைப் பொறுக்கிக் கொத்துமல்லிப் பாத்தி பக்கம் கொட்டினோம். அந்தக் கறைத் துண்டைச் சவுக்காரம் போட்டுக் கும்மி, வாசல் திண்ணையான இஸ்தோப்பில் கயிறு கட்டிக் காயப் போட்டேன். வாசலில் ஒரு கோலமும் போட்டேன். கெட்டிக்காரி என்று நீ மெச்சியிருப்பாய்.

மறுநாள் காலை உன் மகளும் ஷிப்னாவும் மற்றப் பிள்ளைகளும் கையுறை, கமரா, மஞ்சள் நாடா எல்லாம் கொண்டு வந்து இறங்கினார்கள். பின்னால் விரிவுரையாளர் வந்தார், யாழ்ப்பாணத்துக்காரர். கதவருகே வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"இஞ்ச என்ன நடந்தது? ஆர் இதைக் கூட்டினது?"

நான் பெருமையாக முன்னால் வந்து, "நாங்கதாங்க சேர்! பரவாயில்லீங்க, இது ஒரு பெரிய வேலையா?" என்றேன்.

ஷிப்னா கமராவைத் தாழ்த்தினாள். ஒரு பையன் கயிற்றில் ஆடிய துண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர்கள் முகங்களைப் பார்த்த பிறகுதான் எனக்கு மெதுவாகப் புரிந்தது. நிலம் பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது. அவள் ஆசைப்பட்ட கொழும்பை நான் சவுக்காரம் போட்டுக் கழுவி வைத்திருக்கிறேன்.

"இதில இனி ஒண்டும் செய்ய ஏலாது பிள்ளையள். வேற இடம் பாக்கிறதுக்கும் நேரமில்லை. உங்கட குழுவை இந்த முறை விடவேண்டியதுதான்" என்றார் சேர். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

உன் மகள் வாசல் கோலத்தைப் பார்த்தாள். என்னை ஏசப் போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவளோ சேர் பக்கம் திரும்பினாள்.

"சேர், தோட்டத்துல நெசமா களவு நடந்தாலும் இப்படித்தான் நடக்கும். பொலிஸ் வர்றதுக்கு முன்னுக்குக் கூட்டி மெழுகிடுவாங்க. அதுக்காகக் கேஸை மூடிட முடியுமா? பாத்தவங்க இருக்காங்க. நாங்க விசாரிக்கிறோம். நேரத்த மட்டும் குடுங்க."

"சரி, செய்யுங்கோ பாப்பம்" என்று சேர் இஸ்தோப்பில் உட்கார்ந்தார்.

என்னையும் அண்ணியையும் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காதபடி தனித்தனியாகப் பிரித்தார்கள். அண்ணியிடம் ஷிப்னா போனாள். என்னை உன் மகள் காம்பராவுக்குள் கூட்டிக்கொண்டு போய் ஒரு முக்காலியில் உட்கார வைத்தாள். எதிரே உட்கார்ந்து பேனாவைத் திறந்து, "உங்க பேரச் சொல்லுங்கம்மா" என்றாள்.

பீத்துணி துவைத்து வளர்த்தவளிடம் பேர் கேட்கிறாள்! எனக்குச் சிரிப்பு வந்தது. "காலையில சாப்ட்டியாடி?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. பேரைச் சொன்னேன்.

எப்படியாவது அவளைக் காப்பாற்ற வேண்டும் என்று எனக்குத் தவிப்பு. குனிந்து ரகசியமாக, "நான் என்ன சொல்லணும்னு நீ சொல்லு. அப்படியே சொல்லிடுறேன்" என்றேன்.

அவள் முகம் மாறியது. பேனாவை மூடி வைத்தாள்.

"வேணாம். நான் சொல்றத நீங்க சொல்லக் கூடாது. நீங்க பாத்தத மட்டும் சொல்லுங்க. தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லுங்க, அதையும் அப்படியே எழுதுவேன்."

அண்ணே, இந்த ஒரு பேச்சை அன்றைக்கு உன்னிடம் யாராவது சொல்லியிருந்தால்?

பிறகு நான் விளையாடவில்லை. கதவு எப்படி இருந்தது, பெட்டி எந்தப் பக்கம் கவிழ்ந்தது, கால்தடம் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று அவள் பொறுமையாகக் கேட்கக் கேட்க, எல்லாம் கண்முன் வந்தது. என்னை அவசரப்படுத்தவில்லை. நான் தடுமாறியபோது வார்த்தை எடுத்துக் கொடுக்கவும் இல்லை. முடிந்ததும் எழுதியதை முதலில் இருந்து கடைசிவரை தமிழில் வாசித்துக் காட்டினாள். பூட்டு உடைந்திருந்தது என்ற இடம் வந்தபோது, "இருடி, அத நான் பாக்கல. ஒங்கம்மா சொல்லித்தான் தெரியும்" என்றேன். உடனே அந்த வரியை வெட்டினாள். வெட்டிய இடத்தில் என்னைச் சிறு கையெழுத்துப் போடச் சொன்னாள்.

"வேற ஏதும் சொல்ல இருக்காம்மா?"

அது எல்லோரிடமும் கேட்கும் கடைசிக் கேள்விதானாம். எனக்குத் தெரியாது. எத்தனையோ காலமாக யாராவது கேட்பார்களா என்று காத்திருந்தவள் மாதிரி நான் வாயைத் திறந்துவிட்டேன்.

"இருக்கு. இந்தக் காம்பராவுல இருந்துதான் எங்க அண்ணனப் புடிச்சிக்கிட்டுப் போனாங்க. எங்க அண்ணன் களவெடுக்கல."

பேனா நின்றது. கதவடியில் சேர் வந்து நின்றுகொண்டிருந்தார். உன் மகள் தலையை நிமிர்த்தவில்லை. குனிந்தபடியே அதையும் எழுதினாள். எழுதிவிட்டு, நடுங்காத குரலில் எனக்கு வாசித்துக் காட்டினாள்: "எங்க அண்ணன் களவெடுக்கல."

"இது இந்தக் கேசுக்குத் தொடர்பில்லைத்தானே, தர்ஷினி?" என்று சேர் மெதுவாகக் கேட்டார்.

"சொல்றவங்க சொன்னத எழுதுறதுதானே சேர் என் வேல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

என் வாக்குமூலத்தையும் அண்ணியுடையதையும் வைத்து அந்தப் பிள்ளைகள் காம்பராவைத் தரையில் கோடு கோடாக வரைந்தார்கள். சேர் முதல் நாள் எடுத்து வைத்திருந்த படத்தோடு ஒப்பிட்டார். துண்டுக் கறைக்கும் கால்தடத்துக்கும் உரிய பரீட்சைப் புள்ளி போய்விட்டது, அது என் கைங்கரியம். ஆனால் விசாரணைக்கு இவர்கள் வாங்கிய புள்ளியை வேறு எந்தக் குழுவும் வாங்கவில்லை. வருகிற வாரம் தெமோதரையில் ரயில் ஏறிக் கொழும்புக்குப் போகிறார்கள். அந்தக் கறுப்புக் கோட்டை அண்ணி இப்போதே மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள்.

அங்கே வெல்வாளா, மாட்டாளா? எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல உன் மகள் பழக்கிவிட்டாள். ஆனால் உன் வீட்டுக்குள் உன் பிள்ளை உட்கார்ந்து, நீ களவெடுக்கவில்லை என்று தன் கையால் எழுதியதை நான் கண்ணால் பார்த்தேன். நீயும் அங்கேதான் எங்காவது நின்றுகொண்டிருந்தாயா, அண்ணே?

ஒரு வாக்குத் தருகிறேன். இனி நம் லயத்தில் ஒருத்தரையும், தமிழில் வாசித்துக் காட்டாத எதிலும் கையெழுத்துப் போட விடமாட்டேன். யார் அதட்டினாலும் நான் போய் முன்னால் நிற்பேன். என் வாயைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே.

இந்தக் கடிதத்தையும் உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து முதலில் இருந்து கடைசிவரை சத்தமாக வாசித்தேன். ஒரு வரியும் வெட்ட வேண்டியிருக்கவில்லை. இப்போது கையெழுத்துப் போடுகிறேன்.

கூடப் பிறந்தவள்,
உன் தங்கச்சி புஷ்பம்