அப்பா கேட்ட மன்னிப்பு

பௌர்ணமி, வெள்ளி

சண்டைப் படத்தில் ஒரு பெண் கை ஓங்க வேண்டுமென்றால் முதலில் அவள் வீட்டில் யாராவது சாக வேண்டும். இன்றைய படத்தில் கதாநாயகியின் பிள்ளை செத்தது. பிறகு அவள் ஒவ்வொருவன் எலும்பையும் உடைக்க, அப்பா எழுந்து நின்று கைதட்டினார்.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில், கிரிவலம் வந்த ஒருவன் தங்கச்சியின் இடுப்பைக் கிள்ளினான். அவள் ஓங்கி அறைந்தாள். அப்பா அவனைக் கும்பிட்டார். "மன்னிச்சிடுங்க சாமி, சின்னப் பொண்ணு."

"சாமியா? அவனா?" என்றாள் தங்கச்சி.

"கபடி ஆடித்தான் இவ்ளோ திமிரு. இனிமே போவாத."

நாளைக்கு மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். அவள் ஒரு வருஷமாகக் காத்திருந்த நாள்.

வீட்டுக்கு வந்தும் எனக்கு ஆறவில்லை. "நாளைக்கு நீங்களே அவளை கிரவுண்டுக்குக் கூட்டினு போங்கப்பா" என்றேன்.

அப்பா போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.