வெண்ணெய் மேசையை விட்டுத்தரவில்லை

அன்புள்ள கப்பல்காரருக்கு,

நான் நலம். கடிதம் என்றால் முதல் வரியில் போட்டாக வேண்டுமே என்று போட்டதல்ல. நிஜமாகவே நலம். இரண்டு வருடமாக இந்த வார்த்தையைப் போனில் உங்களிடம் பொய்யாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று பொய் இல்லாமல் சொல்ல முடிகிறது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் ஒன்று லைன் தானாகக் கட்டாகிறது, இல்லாவிட்டால் நான் கட் செய்கிறேன். போன தடவை நான்தான் செய்தேன். லீவுக்கு வரவே வேண்டாம், அங்கேயே கிடங்கள் என்று கத்திவிட்டு வைத்தேன். நீங்களும் லேசுப்பட்ட ரோஷக்காரரா? மறுவாரமே ஒப்பந்தத்தை நீட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதை என்னிடம் சொல்லாமல் மகளிடம் சொன்னீர்கள். அதுவும் முடியப் போகிறது, அப்பா மறுபடி நீட்டலாமா என்று யோசிக்கிறார் என்று போன வாரம் அவள் சொன்னாள். ஐயா, அந்தப் பேனாவைக் கொஞ்சம் கீழே வையுங்கள். இதைப் படித்த பிறகு எடுக்கலாம்.

முதலில் வியர்வைக் கதை. நீங்கள் இன்ஜின் அறையில் கொதிக்கிற இரும்புக்குப் பக்கத்தில் நின்று வேர்த்துக் கொட்டினால் அதற்குப் பெயர் உழைப்பு. நான் பேக்கரியில் மாவு தேய்க்கும் மேசைக்கு முன்னால் சும்மா நிற்கும்போதே நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பிக் கழுத்து, காது, உச்சந்தலை என்று ஏறி, நொடியில் முகமெல்லாம் மழையில் நனைந்த மாதிரி ஆனால் அதற்கு என்ன பெயர்? எனக்குத் தெரியவில்லை. அது போனதும் குளிர் எடுக்கும். ராத்திரியில் தலையணை உறை பிழிகிற பதத்துக்கு நனைந்துவிடும். தூக்கம் என்பது அடுத்த வீட்டுக்காரருக்குச் சொந்தமான பொருளாகிவிட்டது. மாதவிடாயும் தன் இஷ்டத்துக்கு வந்தது. ஒரு மாதம் தலைகாட்டாது, அடுத்த மாதம் இரண்டு தடவை வந்து ஆளை உலுக்கிவிட்டுப் போகும். பழகின சொற்களே வாயில் வராது. ஒரு நாள் 'ஜல்லடை' என்ற வார்த்தை கிடைக்காமல், "அந்த ஓட்டை ஓட்டையா இருக்குமே, அதை எடு" என்றேன். பேக்கரியே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு கழிப்பறையில் போய் அழுதேன்.

கோபத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, வாங்கிக் கட்டிக்கொண்டவரே நீங்கள்தான்.

என் வேலை என்னவென்று கப்பலில் எல்லோரிடமும் பெருமை அடித்துக்கொள்வீர்கள் என்று தெரியும். ஆனால் அதில் எதை இழக்க இருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியாது. அடுக்கு ரொட்டிக்கு மாவைத் தேய்த்து, நடுவே பலகை மாதிரி தட்டின வெண்ணெயை வைத்து மூடி, தேய்த்து மடித்து, குளிர் அறையில் ஓய்வு கொடுத்து, மறுபடி தேய்த்து மடிக்க வேண்டும். வெண்ணெய் இளகினால் மாவோடு கலந்து எல்லாம் ஒரே களி. ரொம்ப இறுகினால் உள்ளேயே சில்லுச் சில்லாக உடையும். அந்த மேசைக்கு ஆள் எடுக்கும்போது எங்கள் முதலாளியம்மா சான்றிதழ் எதுவும் கேட்க மாட்டார். உள்ளங்கையில் ஒரு துண்டு வெண்ணெய் வைப்பார். யார் கையில் கடைசிவரை உருகாமல் இருக்கிறதோ அவருக்குத்தான் மேசை. அப்படி வந்தவள் நான். எனக்கு அங்கே 'ஐஸ்கை' என்று பெயர். அந்தக் கைதான் தோசைக்கல் மாதிரி கொதிக்க ஆரம்பித்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சூடு ஏறும்போதெல்லாம் குளிர் அறைக்குள் ஓடினேன். வெண்ணெய்ப் பெட்டிகளுக்கு நடுவே நெற்றியைச் சாய்த்து நின்றேன். அதுவும் போதாமல், சுவரில் இருக்கும் குமிழைத் திருகி இன்னும் குளிரைக் கூட்டினேன். வெளியே வரும்போது திருப்பி வைக்க வேண்டும் என்றுதான் நினைப்பேன். நினைப்பு வாசல்வரைகூட வராது. விளைவு, வெண்ணெய் கல்லாகிவிடும். தேய்த்தால் மாவுக்குள் உடைந்து, ஓவனில் எண்ணெயாக ஒழுகி, அடுக்கே இல்லாத வறட்டி வெளியே வரும்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, பழி குளிர் அறை மெக்கானிக் தலையில் விழுந்தது. பாவம் மனிதர், வாரம் தவறாமல் வந்து மெஷினைக் கழற்றிப் பூட்டினார். கேஸ் சரி, மோட்டார் சரி. இதற்குள் பெரிய ஹோட்டல் ஒன்று மொத்த ஆர்டரையும் திருப்பி அனுப்பிவிட்டது. கடைசியில் மெக்கானிக் எல்லோரையும் கூட்டி நிறுத்தி, "மெஷினுக்கு ஒண்ணுமில்லம்மா. யாரோ குமிழைத் திருகுறாங்க. பேய்க்கு வெண்ணெய் பிடிக்கும்னு நான் கேள்விப்பட்டதில்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. நான்தான் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டதற்குப் பதில் சொல்வதற்குள் சூடு ஏறி, எல்லோர் முன்னாலும் வேர்த்து வழிய நின்றேன்.

முதலாளியம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தனியாகக் கூப்பிட்டு, "திங்கக்கிழமையிலிருந்து நீ கல்லாவுல நில்லு. மேசைக்கு நான் வேற ஆளு பாக்குறேன்" என்றார். உங்களோடு வாழ்ந்த வருடங்களைவிட அந்த மேசையோடு வாழ்ந்த வருடங்கள் அதிகம். கோபித்துக்கொள்ளாதீர்கள், கணக்குப் போட்டுப் பாருங்கள், நீங்கள்தான் பாதி நாள் கடலில் இருந்தீர்களே. எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ, மூன்று மாதம் அவகாசம் கேட்டேன். சரியாகவில்லை என்றால் நானே கல்லாவுக்குப் போய்விடுகிறேன் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

அவகாசம் வாங்கியாகிவிட்டது, இனி என்ன செய்வது? மாடி வீட்டு அக்கா ஒரு பொடி கொடுத்தார். ஊரெல்லாம் குணமாகிறது என்றார். எனக்கு வயிறு மட்டும் போனது. பிறகு ஒரு டாக்டரிடம் போனேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, வயசாகுதும்மா, டென்ஷன் வேண்டாம் என்று தூக்க மாத்திரை எழுதினார். டென்ஷன் வேண்டாம் என்று சொல்வதற்குப் படித்த படிப்பா? அதே வார்த்தையை நீங்கள் இலவசமாகச் சொல்லி என்னிடம் எத்தனை தடவை திட்டு வாங்கியிருக்கிறீர்கள்.

வீட்டில் நான் எரிந்து விழுவதைப் பொறுத்துக்கொண்டிருந்த மகள் கடைசியில் ஒரு நாள் கையைப் பிடித்துக்கொண்டாள். ராத்திரியில் நான் எழுந்து எழுந்து நடப்பது அவளுக்குக் கேட்கிறதாம். வேறு டாக்டரிடம் போகிறோம், வராவிட்டால் தூக்கிக்கொண்டு போவேன் என்றாள். உங்கள் மகள் அல்லவா, சொன்னால் செய்வாள். போனேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வேலைக்கு நேரமாகிவிட்டது. இனி வருவது மறுநாள் எழுதுவது. எழுத்து மாறியிருந்தால் பேனா மாறிவிட்டது என்று அர்த்தம், ஆள் அதே ஆள்தான்.

இந்த டாக்டர் அம்மா வேறு ரகம். கேள்வி கேட்டார், பதில் முடியும்வரை காத்திருந்தார். மாதவிடாய் நிற்பதற்கு முன்னால் வருகிற காலம் இது, உடம்புக்குள் ஹார்மோன் ஏறுவதும் இறங்குவதுமாக ஆட்டம் போடுகிறது, சிலருக்கு வருடக்கணக்கில் இருக்கும் என்றார். அத்தனையும் அதன் வேலையா என்றேன். தைராய்டையும் பார்த்துவிடலாம், ரத்தத்தையும் பார்த்துவிடலாம் என்றார். இரும்புச்சத்து தரைமட்டத்தில் இருந்தது. குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் உண்டா, ரத்தம் உறையும் வியாதி உண்டா என்றெல்லாம் கேட்டு, எனக்குக் கொடுக்கலாம் என்று முடிவு செய்த பிறகே, தோலில் ஒட்டிக்கொள்ளும் ஹார்மோன் பட்டையும் படுக்கும்போது போட ஒரு மாத்திரையும் எழுதினார். எல்லோருக்கும் இதே மருந்து ஒத்துக்கொள்ளாது, அதனால் அடிக்கடி வந்து காட்டுங்கள் என்றார்.

அதோடு விட்டாரா? மதியத்துக்குப் பிறகு காபியை நிறுத்தச் சொன்னார். காபி போனது என் வாழ்க்கையில் நடந்த இரண்டாவது பெரிய பிரிவு. எடை தூக்கிப் பழகுங்கள், எலும்புக்கு நல்லது என்றார். மாவு மூட்டை தூக்குகிறேனே என்றேன். முதுகை வளைத்துத் தூக்குவது கணக்கில் வராது என்று சரியாகத் தூக்கச் சொல்லிக்கொடுத்தார்.

இனி எழுதப்போவதை நீங்கள் தனியாக இருக்கும்போது படியுங்கள். பக்கத்தில் சமையல்காரர் எட்டிப்பார்த்தால் மடித்துவிடுங்கள்.

அந்த அம்மா கடைசியாக, வறட்சி இருக்கிறதா, கணவரோடு சேரும்போது வலிக்கிறதா என்று கேட்டார். நான் சுவர்க் காலண்டரைப் பார்த்தேன். அதில் ஒரு நாய்க்குட்டி படம். அதைப் பார்த்துக்கொண்டே ஆமாம் என்றேன். "இதுல உங்க மனசுக்கும் பங்கில்ல, உங்க வீட்டுக்காரர் மேல தப்பும் இல்ல. தோல் வறண்டு போகுது, அவ்வளவுதான். மருந்து இருக்கு" என்று அதற்கும் ஒரு களிம்பு எழுதினார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நீங்கள் போன லீவில் வந்திருந்தபோது நான் உங்களைத் தள்ளிவிட்டேன். ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு தடவையும். பிறகு கட்டிலையே பிரித்துப் போட்டேன். நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. உங்களைப் பிடிக்காமல் போய்விட்டதோ என்று நானே பயந்துபோயிருந்தேன். வலித்தது, அதுதான் காரணம். உங்களை எனக்குப் பிடிக்கும். இதை நான் இதுவரை எழுதியதே இல்லை, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மேசைக் கதைக்கு வருகிறேன். மருந்து ஒரே நாளில் மந்திரம் போடவில்லை. முதல் சில வாரங்கள் மார்பு கனத்தது, பட்டை ஒட்டின இடம் அரித்தது. விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். டாக்டர் அம்மா அளவை மாற்றினார். ஒரு நாள் காலையில் விழித்தபோது தலையணை காய்ந்திருந்தது. உலகத்தில் காய்ந்த தலையணையைப் பார்த்து விசில் அடித்த முதல் பொம்பளை நானாகத்தான் இருப்பேன். மகள் ஓடி வந்து பார்த்தாள்.

அதன் பிறகு பேக்கரியிலும் என் சட்டத்தைப் போட்டேன். ஓவன் பற்றவைப்பதற்கு முன்பே வந்து மடிப்பு வேலையை முடித்துவிடுகிறேன். அந்தப் பிளாஸ்டிக் மாதிரியான சீருடை வேண்டாம், பருத்திக் கோட்டு வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். மடிப்புக்கு மடிப்பு கையை ஐஸ் தண்ணீரில் முக்கித் துடைத்துக்கொள்கிறேன். குளிர் அறைக் குமிழுக்கு மெக்கானிக்கை விட்டே ஒரு பூட்டுப் போடச் சொன்னேன். சாவி என்னிடம் இல்லை, கேக்கில் பூப்போடும் அக்காவிடம் இருக்கிறது. சூடு ஏறினால் இப்போது மறைந்து ஓடுவதில்லை. "வந்துடுச்சு, ரெண்டு நிமிஷம்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு நிற்கிறேன். ஒருத்தரும் சிரிப்பதில்லை. பூப்போடும் அக்கா மட்டும் விசிறிவிட வருகிறார், தனக்கும் சேர்த்து.

திருப்பி அனுப்பின ஹோட்டல்காரர்கள் இந்த வாரம் கடைசியாக ஒரு தடவை பார்க்கலாம் என்று ஆர்டர் கொடுத்தார்கள். சமையல் தலைவரே நேரில் வந்து நின்றார். முதலாளியம்மா இதற்கு வேறு ஆளையும் கூட்டி வந்து ஓரமாக நிறுத்தியிருந்தார், நான் தடுமாறினால் மாற்றிவிட. நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தேய்த்தேன், மடித்தேன். நடுவில் ஒரு தடவை சூடு வந்தது. கையை எடுத்தேன், நின்றேன், போனதும் தொடர்ந்தேன். ஓவனிலிருந்து தட்டு வெளியே வந்ததும் அந்த மனிதர் ஒன்றை எடுத்துக் குறுக்கே வெட்டினார். உள்ளே தேன்கூடு. கண் கண்ணாக, அடுக்கு அடுக்காக. அதைத் தின்றுவிட்டு இன்னொன்றையும் எடுத்துச் சாப்பிட்டார். மூன்றாவதையும் எடுத்தபோது முதலாளியம்மா ஓரமாக நின்ற ஆளைப் போகச் சொல்லிவிட்டார்.

என்னிடம் வந்து, "மேசை உன்னோடதுதான். போய் வேலையைப் பாரு" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு பாராட்டு வந்தால் அன்றைக்கு ரொட்டியே கருகிவிடும். மாலையில் எல்லோரும் போன பிறகு மெதுவாக வந்து, அந்த டாக்டர் எங்கே இருக்கிறார் என்று கேட்டார், தெரிந்த ஒருவருக்காம். கேட்கும்போது கேக் பெட்டி மூடியால் தனக்கு விசிறிக்கொண்டிருந்தார். அந்தத் 'தெரிந்த ஒருவருக்கு' முகவரி எழுதிக் கொடுத்தேன்.

சூடு முழுவதும் போய்விட்டது என்று கதைவிட மாட்டேன். முன்பெல்லாம் வீட்டுக்காரன் மாதிரி அதிகாரமாக வந்தது, இப்போது விருந்தாளி மாதிரி வந்து சொல்லிக்கொண்டு போகிறது. கோபமும் சுத்தமாகப் போகவில்லை. அது என் சொந்தச் சரக்கு, அதற்கு மருந்து இல்லையென்று டாக்டர் அம்மாவே சொல்லிவிட்டார்.

மகள் நன்றாகப் படிக்கிறாள். குழாய் ஒழுகுவதை நானே சரி செய்துவிட்டேன். உங்களுக்கு இருமல் இருக்கிறதாமே, இன்ஜின் புகையில் முகத்தைக் கட்டாமல் நிற்காதீர்கள்.

அந்த ஒப்பந்தத் தாளை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கிடைக்கிற முதல் விமானத்தில் ஏறுங்கள். கட்டிலைச் சேர்த்துப் போட்டாயிற்று. நானும் மகளும் இழுத்துப் போட்டோம், ஏன் என்று அவள் கேட்கவில்லை, புத்திசாலி. ஜன்னல் பக்கம் மட்டும் எனக்கு. காற்று வேண்டும், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். போர்வை முழுவதையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

கடல் அமைதியாக இருந்து உங்களைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும்.

இப்போதெல்லாம் நன்றாகத் தூங்கும்,
உங்கள் மனைவி