ஊசிக்கு மறுநாள்

1994 ஜனவரி 12, புதன்

"டீச்சர் எத்தனை பெத்திய?"

மகனுக்குப் பேன் பார்த்து அனுப்பச் சொன்னதற்கு ஒரு தாய் பள்ளி வாசலில் நின்று கேட்டாள். இருபது வருடத்துக்கு முன் இருக்கும். பிள்ளை பெறாத நான் சிரித்துவிட்டு வகுப்புக்குள் போய்விட்டேன். உள்ளே நாற்பது பிள்ளைகள் இருந்தார்கள், கேள்வி ஒட்டவில்லை. ஓய்வு பெற்று ஒன்பது மாதம் ஆகிறது. இப்போது ஒட்டுகிறது.

மாலையில் சப் சென்டர் நர்ஸ் விலாசினி வந்தாள். பொழியூர் கடற்கரையில் கைக்குழந்தைகளுக்கு முத்தடுப்பு ஊசி ஒன்று போட்டதோடு சரி, இரண்டாவதுக்குத் தாய்மார் கொண்டுவருவதில்லையாம். அங்கே கக்குவான் இருமல் வந்திருக்கிறது. லிண்டோ என்ற ஒரு வயதுப் பிள்ளை, இருமி இருமி உதடு நீலமாகிறதாம். "டீச்சர் சொன்னா கேப்பினும்" என்றாள்.

உடனே சரி என்றேன். என்னிடம் ஒன்றைக் கேட்டு ஒருவர் வந்து எத்தனை நாளாயிற்று.

ஜனவரி 15, சனி

ஜிஷா வீட்டுக்குப் போனேன். மூன்றாம் வகுப்பில் என்னிடம் படித்தவள். லிண்டோவுக்கு அடுத்த வீடு. மகன் மெல்பினுக்கு ஐந்து மாதம். நவம்பரில் ஒரு ஊசி, அதற்குப் பிறகு இல்லை.

அவர்களுக்குப் புரியட்டும் என்று உதாரணம் சொன்னேன். வலையைக் கடலில் இறக்கிய பிறகா தைப்பீர்கள், முன்கூட்டித்தானே?

மாமியார் ரோசா கூடை கழுவிக்கொண்டே சொன்னாள்: "வல தைக்க ஆளு கரையில நிக்கணும் டீச்சரே. எங்க வீட்டுல கரையில நிக்க ஆளு இல்ல."

கேலி என்று எடுத்துக்கொண்டேன். கோபம் வந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் நிற்கும்போதே ஜிஷாவைப் பார்த்து, பிள்ளைமேல் அக்கறை இல்லாத தாய் என்று சொல்லிவிட்டேன். அவள் தலை குனிந்தாள். எட்டு வயதிலும் அப்படித்தான் குனிவாள்.

யாரும் என்னோடு ரோடு வரை வரவில்லை.

ஜனவரி 16, ஞாயிறு

ஒருவரும் வரவில்லை. வானொலியை இரண்டு முறை வைத்து நிறுத்தினேன்.

ஜனவரி 19, புதன்

ஊசி போடும் நாள். சென்டரில் போய் உட்கார்ந்தேன். ஜிஷா வரவில்லை.

விலாசினியிடம் விசாரித்தேன். முதல் ஊசிக்கு மறுநாள் மெல்பினுக்குக் காய்ச்சல், தொடை வீக்கம். ஜிஷா இரண்டு நாள் மீன் விற்கப் போகவில்லை. அதற்குள் அவளிடம் வழக்கமாக வாங்கும் வீடுகளை வேறொருத்தி பிடித்துக்கொண்டாள். ரோசாவும் காலையில் சந்தைக்குப் போகிறவள். கணவன் ராபின்சன் கொச்சிப் பக்கம் படகில்.

"எல்லா வீட்டுலயும் இதாக்கும் டீச்சரே. ஊசி வேண்டாம்னு ஒருத்தியும் சொல்லல்ல."

அப்படியானால் ரோசா சனிக்கிழமையே எனக்குச் சொல்லிவிட்டாள். கேள்வியை முழுதாகப் படித்துவிட்டுப் பதில் எழுது என்று முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளிடம் சொன்னவள் நான்.

ஜனவரி 22, சனி

லிண்டோவைத் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஐந்து மாதப் பிள்ளைக்கு இந்த இருமல் வந்தால்? — எழுத வேண்டாம்.

ஜனவரி 23, ஞாயிறு

பூசை முடிந்து ஆட்கள் திரும்பும் நேரமாகப் பார்த்துப் போனேன். அன்று நின்ற பெண்கள் இன்றும் நின்றார்கள். அவர்கள் முன்னால் ஜிஷாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

பிறகு சொன்னேன்: "ஊசி போட்ட மறுநாள் பிள்ளைய எனக்க வீட்டுல விடு. நீ மீனுக்குப் போ."

ரோசாதான் கேட்டாள்: "டீச்சருக்குப் பிள்ளைய எடுக்கத் தெரியுமா?"

"தெரியாது. சொல்லித் தாருங்கோ."

அவள் சிரித்தாள். மெல்பினை என் தோளில் சாய்த்து, என் கையைப் பிடித்து அவன் கழுத்துக்குக் கீழே வைத்தாள். "இறுக்கண்டாம். அவன் பரீட்சைப் பேப்பர் இல்ல."

வரும் புதன் குடியரசு தினம், சென்டர் இல்லை. பிப்ரவரி இரண்டு என்று முடிவாயிற்று.

பிப்ரவரி 3, வியாழன்

நேற்று ஊசி போட்டாயிற்று; விடிந்ததும் ஜிஷா மெல்பினைக் கொண்டுவந்து விட்டாள். நர்ஸ் தந்த மாத்திரை, கேழ்வரகுக் கூழ், இரண்டு துணி.

எட்டு மணிக்கு உடம்பு கொதித்தது. அவன் அழுத அழுகையில் எனக்குக் கை கால் ஓடவில்லை. மாத்திரையில் கால் துண்டைக் கரைத்துக் கொடுத்தேன், ஈரத் துணியால் துடைத்தேன், நடந்தேன். தாலாட்டு ஒன்றும் தெரியாது. வாய்ப்பாடு சொன்னேன். ஏழாம் வாய்ப்பாட்டில் தூங்கினான். தோளிலிருந்து இறக்கப் பயந்து ஒரு மணி நேரம் அப்படியே நின்றேன்.

பத்தரைக்கு ஜிஷா வெறுங்கூடையோடு வந்தாள். அழுதானா என்று கேட்டாள். அழுதான் என்றேன்.

"நீங்க?"

ஈரத் துணியை அலசப் போய்விட்டேன்.

பிப்ரவரி 20, ஞாயிறு

லிண்டோ வீடு வந்துவிட்டான். மிகவும் மெலிந்திருக்கிறான்.

மார்ச் 3, வியாழன்

மெல்பினுக்கு மூன்றாவது ஊசியும் நேற்றுப் போட்டாயிற்று. இன்று அவனோடு இன்னும் இரண்டு பிள்ளைகள். ஜிஷா சந்தையில் சொல்லியிருக்கிறாள். ஒன்று அழுதால் மூன்றும் அழுகிறது. மதியச் சோறு மூன்று மணிக்கு. எழுத நேரமில்லை.

இந்த நோட்டு எப்போதாவது ஒருவர் கையில் கிடைத்தால், அவர்களுக்கு ஒன்று: பிள்ளைக்கு ஊசி போடு என்று ஒரு தாயிடம் சொல்வதற்கு முன்னால், மறுநாள் பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்திருங்கள்.