மூன்றாம் எழுத்தாணி குறித்து விடுத்த ஓலை

நன்மங்கலம் சிறக்க. வெண்குன்ற நாட்டு மாமன்னரின் முத்திரை மோதிரம் தாங்கிப் பவழத்துறை அரசவைக்குத் தூது வந்த அழிசி நன்னாகன், தலைநகரில் அரண்மனைக் காரியம் பார்க்கும் கோடன் வேளாருக்கு விடுக்கும் ஓலை. நம் குன்றும் குளங்களும் குறைவின்றி விளங்குக. மன்னரும் மக்களும் நலமே வாழ்க. நான் உடலளவில் நலம்.

மனத்தளவில் நலமா என்று கேளாதீர். ஒன்பது திங்களாக ஒரே சாளரம், ஒரே ஆறு, அதில் என்னை ஏற்றாமலே போகும் படகுகள். காவலர் தலைவர் நாள்தோறும் குனிந்து வணங்கி, பழத்தட்டை வைத்து, கதவை வெளியே பூட்டிக்கொண்டு போகிறார். இத்தனை மரியாதையோடு எவரையும் அடைத்து வைத்ததை நான் கண்டதில்லை.

இரு நாட்டு வழக்கம் நீர் அறிந்ததே. ஒப்பந்தம் செய்யும் காலத்தில் இவர்கள் தூதர் அங்கும் நம் தூதர் இங்கும் அடைபட்டிருந்து, எதிர்நாடு தரும் உறுப்புகளைக் கொண்டு தத்தம் கையாலேயே ஓர் எழுத்தாணி பொருத்தி முடிக்க வேண்டும். இரண்டும் முடிந்து, அவற்றால் இரு மன்னரும் கையொப்பமிட்ட பிறகே இருவருக்கும் விடுதலை. ஆளுக்கு மூன்று பெட்டி உறுப்புகள். ஒருவர் மூன்றையும் பாழாக்கினால் ஒப்பந்தமும் இல்லை, இருவரும் ஊர் திரும்புதலும் இல்லை. பொறுமையில்லாதவன் சொல்லை நம்பலாகாது என்று முன்னோர் இதை வகுத்தார்களாம். அவர்களில் ஒருவராவது அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்திருப்பாரா என்பது என் ஐயம்.

நான் மூன்றாம் பெட்டியில் முடித்துவிட்டேன். முடித்து நாற்பது நாள் ஆயிற்று. நேற்று வந்த உம் ஓலையோ, உம் பொறுப்பில் இருக்கும் பவழத்துறைத் தூதர் வயிரமேகனார் இரண்டாவதையும் உடைத்துவிட்டார் என்கிறது. ஐயோ, என் விடுதலை அந்த மனிதரின் விரல்களில் அல்லவா இருக்கிறது! பிறர் கை படக் கூடாது என்பதே விதி. சொல் படக் கூடாது என்று எங்கும் இல்லை. ஆகவே நான் பட்டு அறிந்ததை எழுதுகிறேன். அவருக்குப் படித்துக் காட்டுக.

கருங்காலிப் பிடியின் இரு பாதிகளையும், அவற்றின் பள்ளங்களில் கொடியும் இலையுமாகப் பதிக்கும் சங்குத் துண்டுகளையும், அரக்கு உருக்கும் முன்பு வெறுமனே பொருத்திப் பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை. முதல் பெட்டியில் அரக்கு இறுகிய பின்பே கொடியின் இலை தலைகீழாகக் கிடப்பது தெரிந்தது, நெம்பினேன், பிளந்தது. இரண்டாவதில் சங்கு மயிரளவு மேடாக நின்றதால் தேய்த்தேன். பளபளப்பு ஏற ஏற ஆசையும் ஏறி, கடைசியில் இலையே தேய்ந்து காணாமற் போயிற்று. விரலுக்குத் தட்டாத அளவில் நிறுத்திவிட வேண்டும். பிடியின் முனையில் வளையமாக மாட்டும் பித்தளைப் பூணைச் சுத்தியால் தட்டவே வேண்டாம். சற்றே சூடாக்கி, நேராக, ஒரே மூச்சில் அழுத்துக. கை நடுங்கினால் அன்று வேலையே வேண்டாம்.

இவ்வளவோடு ஓலையைக் கட்டியிருப்பேன். ஆனால் இன்று காலை வயிரமேகனாரின் மனைவியார் அல்லியங்கோதையார் என் சாளரத்தின் கீழே வந்து நின்றார். அவரும் ஒன்பது திங்களாகக் கணவர் முகம் காணாதவர். இருந்தும் என் ஆத்திரம் அடங்கவில்லை. உம் வீட்டுக்காரருக்கு இருப்பது கையா காலா என்று கேட்டுவிட்டேன். அவர் சினக்கவில்லை. "ஐயா, அவருக்கு இடக்கைப் பழக்கம். உங்க அரண்மனையிலே இடக்கையை நீட்டினா அவமரியாதைன்னு எழுதி வந்துதே! வலக்கையாலே அவருக்கு ஒரு வெத்திலை மடிக்கக்கூட வராதே ஐயா" என்று சொல்லி அழுதார்.

வேளாரே, அப்படி எழுதி அனுப்பியவன் நானே. தூதர்க்குரிய ஒழுக்கம் என்று பதினெட்டு விதிகள் வகுத்தேனே, அதில் நான்காவது அது. பெருமையாகத்தான் எழுதினேன். எழுதிய என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஆதலால் மாமன்னரின் மோதிரத்தின் பேரில் இடும் கட்டளை யாதெனில்: அவர் அறையில் நின்று கண்காணிப்போர் அனைவரையும் வெளியே அனுப்புக, மூன்றாம் பெட்டியை அவருடைய இடப்பக்கம் வைக்க, அந்த விதியை எழுதியவன் மன்னிப்புக் கேட்கிறான் என்று நீரே நேரில் சென்று சொல்லுக. அரக்கில் முத்திரை பதித்தேன். ஓலை கண்ட நாளே இது நிறைவேறுக.

எப்போது முடிப்பீர் என்று கேட்டு அவரை அவசரப்படுத்த வேண்டாம். நான் இங்கேதான் இருக்கிறேன்.