பன்னிரண்டு நிமிடப் படம்

மே 4, ஞாயிறு

விடிந்ததிலிருந்து தூறல். உக்குவளை முழுக்க கரண்ட் இல்லை, பத்து மணிக்குத்தான் வந்தது. சனிக்கிழமை ஷூட்டிங்குக்கு வேண்டியவை: பேட்டரி 2, மைக், வெள்ளைத் துணி, அப்பாவின் சீனி வியாதி மாத்திரை.

ஸ்டூடியோ முதலாளி கேமராவை இரவல் தருகிறார். கலியாண வீடியோ வெட்டி ஒட்டுகிற எனக்கு முதல் சொந்தப் படம். மாத்தளையில் குறும்படப் போட்டி. தலைப்பு 'குடும்பம்'. பன்னிரண்டு நிமிடத்துக்குள்.

கதை எங்கள் வீட்டுக் கதைதான். சிங்களப் பெண்ணைக் கட்டிக்கொண்ட மகனோடு ஆறு வருடமாகப் பேசாத தகப்பன். ஒரு நாள் மகன் வந்து வாசலில் நிற்கிறான். "வந்துட்டியா, கை கழுவிட்டு வா" என்கிறார். இருவரும் சாப்பிடுகிறார்கள். முடிவு.

அப்பாவாக அப்பாவே. மகனாக அண்ணன். சம்மதிக்க வைக்க மூன்று மாதம். படம் ஒரு சாக்குத்தான் என்று இரண்டு பேருக்கும் தெரியும். யாரும் வாயால் சொல்லவில்லை.

மே 10, சனி

மழை விட்டிருந்தது. அண்ணன் யட்டவத்தையிலிருந்து மோட்டார் சைக்கிளில். வேலை செய்கிற கராஜிலிருந்து நேராக, நகத்தில் கறுப்பு எண்ணெய். அப்பா சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, சீனியால் விரல் எடுத்த காலை மறைத்து உட்கார்ந்திருந்தார்.

அண்ணன் வாசலில் நின்றான். அப்பா வசனத்தைச் சொல்லவில்லை. அதற்குப் பதில்:

"ஒங்கம்மா ஆஸ்பத்திரியில நாலு நாளு ஒம் பேரையே சொல்லிக்கிட்டு கெடந்தா. நான்தான் ஒனக்குச் சொல்ல வேணாம்னேன்."

"என்னப்பா சொல்றீங்க? திடீர்னு போயிட்டாங்கன்னு தானே சொன்னீங்க?"

"நாலு நாளுடா."

அண்ணன் கேமராவைப் பார்த்தான். இல்லை, பின்னால் இருந்த என்னை. "மாலா, ஒனக்குத் தெரியுமா?"

நான் கேமராவுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். அவன் போய்விட்டான். மோட்டார் சைக்கிள் சத்தம் சந்தி வரைக்கும் கேட்டது. அப்பா அசையவில்லை.

ரெக்கார்டிங்கை நான் நிறுத்தவில்லை. எழுதி வைக்கிறேன். நிறுத்தவில்லை.

மே 11, ஞாயிறு

அப்பா காலையில் சாப்பிடவில்லை. அண்ணன் போனை எடுக்கவில்லை, ஐந்து தடவை.

மூன்று வருடத்துக்கு முன் அந்த நாலு நாளும் அவன் நம்பர் என் போனில் இருந்தது. வார்டுக்கு வெளியே இரண்டு தடவை போனைக் கையில் எடுத்தேன், இரண்டு தடவையும் வைத்தேன். "அவன் வந்தா நான் எந்திரிச்சுப் போயிருவேன்" என்றார் அப்பா. அதனால் மட்டுமில்லை. அம்மாவின் கட்டில் பக்கத்தில் சண்டை வருமே என்று பயம். சோம்பல்கூடக் கொஞ்சம். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்.

செத்த பிறகு சொன்னோம். வந்து ரோட்டிலேயே நின்றுவிட்டுப் போனான்.

மே 17, சனி

எடிட்டிங். தலைவலி. அந்த ஒரு ஷொட் நாலு நிமிடம் பத்து வினாடி. நான் எடுத்ததிலேயே நல்லது அதுதான். இதற்குமேல் சாப்பாட்டுக் காட்சி எதற்கு? அண்ணன் போவதோடு முடித்தேன்.

என்னிடம் கேட்ட கேள்வியை வெட்டினேன். கேமராவை நேராகப் பார்க்கிறான், அது பிழை. அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

யாரிடமும் கேட்கவில்லை. அனுப்பிவிட்டேன்.

மே 31, சனி

மாத்தளை. மண்டபத்தில் ஃபேன் ஓடவில்லை, ஒரே புழுக்கம். பதினோரு படம். எல்லாவற்றிலும் யாரோ அழுகிறார்கள்.

என் படம் ஓடும்போது முன்வரிசையில் ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி, "பெத்த தாயக் கூடக் காட்டல்லயே, இவன் ஒரு மனிசனா" என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். அப்பாவைத்தான்.

முதல் பரிசு. நடுவர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த அப்பாவ எங்க புடிச்சீங்க? என்ன நடிப்பு!" நான் சிரித்தேன். சிரித்தேன்தான்.

ஜூன் 1, ஞாயிறு

யாரோ படத்தை போனில் பிடித்து பேஸ்புக்கில் போட்டுவிட்டார்கள். நாலு மணிக்கு அண்ணன் போன் பண்ணினான். சத்தம் போடவில்லை.

"அம்மா செத்தத ஊருக்கே காட்டிட்ட. அதுக்குக் கைதட்டு வேற."

"அண்ணா..."

"நான் ஒங்கிட்ட ஒண்ணு கேட்டேனே. அத மட்டும் வெட்டிட்ட."

"தெரியும்ணா. நாலு நாளும் எனக்குத் தெரியும்."

அந்தப் பக்கம் நிமாலி அண்ணி யாரென்று கேட்பது கேட்டது. "யாருமில்லை" என்றான், சிங்களத்தில். வைத்துவிட்டான்.

ஜூன் 3, செவ்வாய்

மறுபடியும் மழை. கிளினிக் நாள், அப்பாவுக்குச் சீனி கூடியிருக்கிறது. வரும் வழியில் பஸ்ஸில், "மிச்சத்த எடுக்க அண்ணன் எப்ப வர்றான்?" என்று கேட்டார்.

படம் முடிந்துவிட்டது என்று வீட்டுக்கு வந்துதான் சொன்னேன். காட்டச் சொன்னார். போனைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து முழுவதும் பார்த்தார்.

"அவன் போறதோட நிப்பாட்டிட்டியா?"

"ஆமாப்பா."

"நான் அவனுக்குச் சோறு போடுறத எடுக்கவே இல்லயே."

"இல்லப்பா."

போனைத் திருப்பித் தந்தார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பருப்பு அடுப்பில்.